நீள முள்கரண்டிகள்

கொராலி வழக்கம்போல ஆறு மணிக்குத் தட்டோடு சமையலறைக்கு வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை. மேசையின் நடுவே, ஒரு சின்ன விளக்கின் மேல், சூப் நிறைந்த சட்டி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் காகிதம்போலச் சீவிய மாட்டிறைச்சி, காளான், ப்ரோக்கோலி, உரித்த இறால், தொட்டுக்கொள்ள நாலைந்து கிண்ணங்களில் சாஸ். எல்லாமே வேகாத பச்சையாக இருந்தன. பக்கத்தில், ஆளுக்கொரு நிறத்தில் பிடி வைத்த நீள முள்கரண்டிகள்.

"சாப்பாடு எங்க?"

"இதான். முள்கரண்டில குத்தி, சட்டில விட்டு, வெந்ததும் எடுத்துத் திங்கணும்" என்றாள் மர்ஜொலேன்.

"அப்ப ரூமுக்கு எப்படி எடுத்துட்டுப் போறது?"

"போக முடியாது."

மாதா கோவில் நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில் மர்ஜொலேன் அந்தச் சட்டியை வாங்கியதே இந்த ஒரு பதிலுக்காகத்தான். வீட்டில் இருப்பது மூன்று பேர், சாப்பிடுவது மூன்று இடத்தில். காகித ஆலையிலிருந்து வரும் அவள் கணவன் ரெஜான், டிவியில் ஹாக்கி ஆட்டத்தின் முன்னால். அவன் முதல் மனைவி, மேற்கே மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து ஆகஸ்டில் கிளம்பிப்போனாள். அவர்களுடைய மகள் கொராலி அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், சாப்பிடுவது மூடிய கதவுக்குப் பின்னால். மர்ஜொலேன் சமையலறையில் நின்றபடி.

மர்ஜொலேன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கொராலி போவதும் அதே பேருந்தில்தான். கண்ணாடியில் பார்ப்பாள்: அந்தப் பெண் தோழிகளோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எஞ்சின் சத்தத்தில் கேட்காது. வீட்டில் இறங்கியதும் அந்த முகம் எங்கே போகிறது? பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குள் என்னதான் ஓடுகிறது? கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான் மூன்று மாதமாக அவளை விடவில்லை.

ரெஜான் கைகழுவிவிட்டு வந்து மேசையைப் பார்த்தான். "பசியோட வந்தவனைத் தூண்டில் போடச் சொல்றியே மர்ஜோ! சரி, சட்டிக்குள்ள துண்டைத் தவறவிட்டா என்ன தண்டனை? சின்ன வயசுல எங்க வீட்ல பக்கத்துல இருக்கறவங்களுக்கு முத்தம் குடுக்கணும்."

"உவ்வே" என்றாள் கொராலி.

"வேண்டாம்" என்றாள் மர்ஜொலேன். "தவறவிட்டவங்களை மத்தவங்க ஒரு கேள்வி கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு. பொய் சொல்லக் கூடாது."

கொராலி உட்காரவில்லை. ஆனால் பச்சைப் பிடி வைத்த கரண்டியை எடுத்து ஒரு இறாலைக் குத்தி, நின்றபடியே சட்டிக்குள் விட்டாள். சாம்பல் நிறம் ரோஜா நிறமாவதைக் குனிந்து பார்த்தாள்.

முதலில் ரெஜானின் கரண்டிதான் வெறுமையாக வந்தது. "அடச்சே, நல்ல பெரிய துண்டு!"

"நான் கேக்கறேன்" என்றாள் கொராலி சட்டென்று. "அம்மா ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு நீ ஏம்ப்பா வரலை?"

ரெஜான் கரண்டியைத் தட்டில் வைத்தான். "வந்தேன் கண்ணு. பஸ் நிலையத்துக்கு வெளிய வண்டிலயே உக்காந்திருந்தேன். நீ அழுதுட்டிருந்த. உள்ள வந்து என்ன செய்யறதுன்னு தெரியலை."

"பாத்துட்டே இருந்தியா?"

"பாத்துட்டே இருந்தேன்."

அவள் இறாலை வெள்ளைப்பூண்டு சாஸில் தோய்த்துத் தின்றாள்.

அடுத்து மர்ஜொலேனின் காளான் நழுவியது. கொராலி கொஞ்சமும் யோசிக்கவில்லை. ரொம்ப நாளாகவே கையில் வைத்திருந்த கேள்வி போலிருந்தது. "நான் இங்க வரப் போறேன்னு சொன்னப்ப உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

ரெஜான் இருமினான். மர்ஜொலேன் அவன் பக்கம் பார்க்கவில்லை.

"இல்ல" என்றாள். "பயந்துட்டேன். தினம் நாப்பது பிள்ளைங்களை ஏத்தி இறக்கறேன். ஆனா சாயங்காலம் எல்லாரும் இறங்கிருவாங்க இல்லையா? இறங்காத ஒரு பிள்ளையை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியலை."

கொராலி தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று மர்ஜொலேன் நினைத்தாள். கொராலி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பேருந்துக் கண்ணாடியில் மர்ஜொலேன் அவளைப் பார்ப்பதுபோல. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ப்ரோக்கோலி எவ்வளவு நேரம் வேகணும்?"

"மூணு நிமிஷம்" என்றான் ரெஜான்.

மூன்று நிமிடம் கழித்து அவள் கரண்டியைத் தூக்கினாள். நுனியில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே விட்டாளா என்று மர்ஜொலேனால் சொல்ல முடியவில்லை. கேட்க நூறு கேள்விகள் வாயில் வந்து நின்றன.

"ரூம்ல ஏன் சாப்பிடற?" என்றாள் மர்ஜொலேன்.

"அம்மாவுக்கு அங்க நாலு மணிக்கு வேலைல இடைவேளை. அப்ப இங்க ஆறு. போன் பண்ணினா யாரும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுதான்."

சுவர்க் கடிகாரம் ஆறரையைத் தாண்டியிருந்தது.

"பண்றாங்களா?" என்று ரெஜான் மெல்லக் கேட்டான்.

"அது ரெண்டாவது கேள்வி" என்றாள் கொராலி.

ஜன்னல் முழுக்க ஆவி படிந்து வெளியே பெய்யும் பனி தெரியாமல் போயிருந்தது. கொராலி நாற்காலியில் முழங்கால் ஊன்றி எழுந்து, சட்டியின் மேல் கவிழ்ந்து, வேர்த்த நெற்றியில் முடி ஒட்ட, நீளக் கரண்டியால் அடியில் மெல்லத் துழாவினாள்.

"இருங்க. எல்லாரோடதும் உள்ளதான் கெடக்கு" என்றாள்.