ஏனாத்தூர் வீட்டுச் சுவர்

ஏனாத்தூரில் நெசவாளி ஆனந்தராஜின் வீட்டுக்கு மூன்று ஆண்டுகளாகச் சுவர் கிடையாது. மேல்தளம் மட்டும் பத்தடி உயரத்தில் அதன் இடத்திலேயே நிற்கிறது. மழை உள்ளே வருவதில்லை, நாய் நுழைவதில்லை, காலண்டர் தன் ஆணியோடு வெறும் காற்றில் தொங்குகிறது.

நிலநடுக்கத்தில் இடிந்த ஒரு நேபாள மலைக்கிராமத்தில் வீடு கட்டிக்கொடுக்கச் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் போவதென்று பாஸ்டர் ஜெபகுமார் அறிவித்ததில் ஆரம்பித்தது இது. ஆசிரியர்கள், வங்கிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் பேர் கொடுத்தார்கள். கலவை போடத் தெரிந்தவர் யார் என்று அவர் கேட்டபோது உயர்ந்த கை ஒன்றே ஒன்று, ஆனந்தராஜின் மனைவி ஜெயப்ரியாவுடையது. பதினெட்டு ஆண்டுகள் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். ஒரு மேஸ்திரியும் அவளைக் கொத்துக்கரண்டி தொட விட்டதில்லை. பாஸ்போர்ட் வந்த அன்று தெரு முழுக்க அதைக் காட்டிவிட்டு வந்தாள்.

ஆனந்தராஜ் தன் தொழிலை வைத்து ஒரு யோசனை சொன்னான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் முடியும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைத்து இழுப்பார்கள். பழையது போகிற வழியில் புதியது பின்னாலேயே வந்துவிடும். அதுபோல நம் வீட்டுச் செங்கல் ஒன்றை அங்கே முதல் கல்லாக வை, மற்றது தானாக வரும் என்று சமையலறைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றைப் பெயர்த்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். செங்கல் என்றாள். பார்த்தால் செங்கல்தான், விட்டுவிட்டார்கள்.

மலையில் மன்மாயா என்பவள் இரண்டு பிள்ளைகளோடு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தாள். அவள் வீட்டுக்கு ஜெயப்ரியா முதல் கல் வைத்தாள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்டியும் பிடித்தாள். அவள் வேகத்துக்குக் கல் எடுத்துக் கொடுக்க முடியாமல் வங்கிக்காரர் திணறினார். மூன்றாம் நாள்தான் கவனித்தார்கள், சுவர் இடுப்பளவு வந்தும் குவியலில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. சுவரில் இருந்தவற்றில் பச்சை டிஸ்டெம்பர் ஒட்டியிருந்தது. ஒன்றில் மகள் பிரியதர்ஷினியின் ஆறு வயது உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடும் இருந்தது. ஆனந்தராஜ் மறந்தது இதுதான்: அந்தச் செங்கல் பதினோரு ஆண்டுகளாகப் பிணைந்திருந்தது அவன் சொந்தச் சுவரோடு.

அப்போதே அவன் போன் செய்தான். சமையலறைச் சுவர் மொத்தமும் போய்விட்டது, கூடத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்திடட்டுமாங்க?" என்றாள் ஜெயப்ரியா. குவியலிலிருந்து எடுத்து வைத்தாலும் மறுநாள் அந்த இடத்தில் பச்சை டிஸ்டெம்பர் ஒட்டிய செங்கல்தான் இருந்தது.

"பனி கொட்ட எத்தினி நாள் இருக்குது?"

"பத்து நாளாம்."

வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. அவன் தறி அந்தத் தளத்துக்கு அடியில்தான் இருந்தது.

"இழுத்த பாவை பாதியில உட்டா ரெண்டு பக்கமும் கெட்டுப்பூடும். முழுசா இழுத்துடு ஜெயா."

அவள் கட்டினாள். ஏனாத்தூரில் பந்தயமே வைத்தார்கள், தளம் எந்த நாள் விழும் என்று. பிரியதர்ஷினியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பேசிய கெடுவுக்குச் சேலை முடியவேண்டும் என்று ஆனந்தராஜ் மட்டும் நெய்துகொண்டே இருந்தான். ஒன்பதாம் நாள் கடைசிச் செங்கலை வைத்துவிட்டு ஜெயப்ரியா போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தறிச்சத்தம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சந்தோஷம் தாங்காமல்.

அவள் ஊர் திரும்பியதும் எல்லாரும் வந்து சுவர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். கைக்குச் சில்லென்று இருந்தது. கோடையில் அக்கம்பக்கத்தார் மதியத் தூக்கத்துக்கு இப்போதும் அங்கேதான் வருகிறார்கள். சில காலையில் காலண்டர் தடதடவென்று ஆடும்; மன்மாயா எதற்கோ ஆணி அடிக்கிறாள் என்று அர்த்தம். ஜெயப்ரியா அடுப்படியிலிருந்தே, "மெதுவா அடிம்மா, பூச்சு உதிருது" என்பாள். அடி மெதுவாகும்.