மாகாணசபை உறுப்பினரின் தங்கை

பெட்டியில் கிடந்த அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசி நிமிர்வதற்குள் அருந்ததியின் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

"ரீச்சர், ஒருக்கால் குசினிப் பக்கம் வாங்கோ."

முத்துக்குமாரு. அண்ணை மாகாணசபையில் ஐந்து வருடம் இருந்தது இவருடைய கட்சியில்தான். முகத்தில் துக்கம் இருந்தது. கையில் வெறுந்தாள் இருந்தது.

"இரங்கல் உரை நான்தான் முதல். நாலு வரி எழுதித் தாங்கோவன். உங்கடை தமிழ் எங்களுக்கு வராது."

ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சரிடம் கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். சமையலறையில் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். எழுதி எழுதிப் பழகிய கை.

அண்ணை குகதாசன் சாவகச்சேரிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்தவர். கோயில் திருவிழா நாடகங்களில் முப்பது வருடம் ராசா வேசம் கட்டியதில் குரல் வாய்த்திருந்தது. வசனம்தான் வாய்க்கவில்லை. தேர்தலில் வென்ற மறுநாள் காலை தங்கையிடம் வந்தார்.

"பிள்ளை, நீ எழுது. நான் முழங்கிறன்."

முழங்கினார். அறுபத்திரண்டு உரைகள். தென்னந்தோப்புகளைக் குரங்குகள் அழிப்பது பற்றிய உரைக்குப் பத்திரிகை முதற்பக்கத்தில் படம் போட்டது. ஒரு குரங்குகூடக் குறையவில்லை. ஆனால், "என்ன தமிழடாப்பா!" என்றது ஊர். அண்ணை மீசையைத் தடவிக்கொண்டார். அருந்ததி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். எழுதியது யார் என்று அவர் வெளியில் மூச்சு விட்டதாக அவள் அறியவில்லை. அவளும் கேட்டதில்லை. முந்தநாள் காலை பேப்பரை விரித்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர், பாதி வசனத்தில் சாய்ந்துவிட்டார்.

முத்துக்குமாரு போனதும் பிரவீணன் வந்தான். போன வருடம் அண்ணை தாவிய புதுக் கட்சியின் அமைப்பாளர்.

"ரீச்சர், அவையளுக்கு எழுதிக் குடுத்தியளாம். எங்களுக்கும் ஒண்டு."

அதையும் எழுதினாள்.

பந்தலில் முத்துக்குமாரு ஒலிவாங்கியைப் பிடித்தார். "இறுதி மூச்சுவரை கொள்கை மாறாத மனிதர்!" என்று வாசித்து, பிரவீணனை ஒரு பார்வை பார்த்தார். அடுத்ததாகப் பிரவீணன், "காலத்தின் மாற்றத்தைத் துணிந்து தழுவிய தலைவர்!" என்று வாசித்து, அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தான்.

தலைமாட்டில் இருந்த அண்ணையின் மனைவி பராசக்தி அழுகையை நிறுத்திவிட்டு அருந்ததியின் பக்கம் சாய்ந்தாள்.

"மச்சாள், ரெண்டும் நீங்களே?"

"ஓம்."

"எது உண்மை?"

"ரெண்டும் வாசிக்க வடிவாய்க் கிடக்கு."

கட்டின மனுசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சனம் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டது.

அருந்ததிக்கு அழுகை வரவில்லை. அண்ணையைப் பற்றி எல்லோரும் அவளுடைய சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தான் எழுதியதைக் கேட்டுத் தானே அழ முடியுமா?

அப்போது கண்ணாடி போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நான் யசிந்தா. சபையில பேச்சுகளைப் பதிவெடுத்தனான். உங்களை ஒருநாள் பாக்கவேணும் எண்டிருந்தனான்."

"என்னையோ?"

"ஐயா ஒருநாள் வான் பழுதெண்டு பஸ்ஸில வந்தவர். தாளை அதில விட்டிட்டார். எழும்பி நிண்டார், ஒண்டும் வரேல்லை. பிறகு சொன்னார்: 'அவைத்தலைவர் அவர்களே, என்ரை தங்கச்சி எழுதின தாள் பஸ்ஸோடை போயிட்டுது. இஞ்ச நான் பேசினதெல்லாம் அவவின்ரை. அவ இல்லாட்டி நான் அரிசி நிறுக்கிறவன். நன்றி.' அவ்வளவும்தான். இருந்திட்டார். நான் ஒரு சொல் விடாமல் எழுதினனான். அச்சிலயும் வந்தது. சபையில எல்லாருக்கும் தெரியும்."

"எப்ப இது?"

"ரெண்டாம் வருசம்."

அருந்ததிக்கு நினைவு வந்தது. அன்று பின்னேரம் உரை எப்படிப் போனது என்று கேட்டிருந்தாள்.

"அந்த மாதிரிக் கைதட்டல் எண்டல்லோ சொன்னவர்?"

"உது பொய்யில்லை ரீச்சர். முதல்ல சிரிச்சவை. பிறகு எல்லாரும் தட்டினவை."

பெட்டியைத் தூக்கும் நேரம். தலைப்பக்கம் தங்களுக்குத்தான் என்று இரண்டு கட்சியும் நின்றதில், குகதாசன் கேற்றடியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பிறகுதான் சுடலைக்குப் புறப்பட்டார்.

ஆண்கள் போனபின் பெண்கள் வீடு கழுவினார்கள். கிணற்றடியில் பராசக்தி முதலில் முழுகினாள். மற்றவர்களும் முழுகி உள்ளே போனார்கள். அருந்ததி வாளியை இறக்கி, இழுத்து, தலையில் ஊற்றினாள். மறுபடியும் இறக்கினாள். தண்ணீர் வடிந்த பிறகும் கன்னம் நனைந்தது.

"மச்சாள், வார்த்தது காணும். தடிமன் பிடிக்கப்போகுது," என்று உள்ளேயிருந்து பராசக்தி கூப்பிட்டாள்.

"வாறன்."

கப்பி கிறீச்சிட்டது. வாளி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கியது.