ஒற்றைச் செருப்பு

அந்தக் கம்பெனி விற்றது மழைச் சத்தம். மழை அல்ல, சத்தம் மட்டும். ஃபோனில் செயலியைத் திறந்து தலைமாட்டில் வைத்தால் விடியவிடியப் பெய்யும், கேட்பவர் தூங்கிவிடுவார். மாதச் சந்தா. தகரக் கூரைமேல் பெய்யும் மழைக்குக் கொஞ்சம் கூடுதல். தவளை வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.

சந்தா கட்டியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். தூங்கி எழுந்ததும் புத்தி தெளிந்தது. தெளிந்ததும் சந்தாவை ரத்து செய்தார்கள். கம்பெனியின் கஷ்டமே அதுதான்.

எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், தொட்டால் என்ன வர வேண்டும் என்று அந்தச் செயலிக்குத் திரை வடிவமைப்பவன்தான் நம் ஆள். அவனுடைய மேலாளருக்கு அலுவலகத்தில் 'கிராஃப்' என்று பெயர். பேசும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தானாகக் காற்றில் மேல்நோக்கி ஒரு கோடு இழுக்கும். அன்று அது கீழ்நோக்கி இழுத்தது.

"ரத்து பொத்தானை எதுக்குய்யா கடைக்கு போர்டு மாட்டுன மாதிரி இவ்ளோ பெரிசா வச்சிருக்கே?"

"ஜனங்க தேடி அலையக் கூடாதுன்னுதான் சார்."

"அலையட்டுமே! அலையறவன் எங்கயும் போக மாட்டான். இந்த மாசம் போறவங்க பாதியா குறையணும். இல்லேன்னா, போறவங்களோட உன்னையும் சேர்த்து அனுப்பிடுவேன்."

வீட்டில் கஷ்டம் நேர் எதிர். அங்கே ஒருவர் போகாமல் இருந்தார். மனைவியின் பெரியப்பா. முழங்காலை டாக்டரிடம் காட்ட வந்தவர். டாக்டர் பார்த்துவிட்டு, காலுக்கு ஒன்றுமில்லை, ஆள்தான் பழசு என்றார். அந்தக் கால் வீட்டிலிருந்த ஒரே கட்டிலில் நீட்டிக்கொண்டது. மனைவி கூடத்துச் சோபாவில். அவன் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். ஃப்ரிட்ஜ் நடுங்கி ஓயும்போதெல்லாம் அவனும் நடுங்கி ஓய்ந்தான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கட்டில் ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தாமாகவே பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவன் டாக்ஸியே கூப்பிட்டுவிட்டான். ஆனால் வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. அவன் குப்புறப் படுத்துச் செருப்பு அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்க, மனைவி காபியோடு வந்தாள்.

"என்ன பெரியப்பா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? நாங்க ஏதும் குறை வச்சோமா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீங்க போனா இவருதான் ஏங்கிப் போயிடுவாரு. மொகத்தப் பாருங்க!"

பெரியவர் குனிந்து பார்த்தார். தரையோடு தரையாகக் கிடந்த முகம் நிஜமாகவே அழுகிற நிலையில்தான் இருந்தது. காபி ஆறுவதற்குள் டாக்ஸிக்காரன் போய்விட்டான். பெரியவர் மனம் இளகி, "சரி, ஒரு வாரம் இருந்துட்டே போறேன்" என்றார்.

சாயங்காலம் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இன்னொரு செருப்பு கிடைத்தது.

"நீதான் ஒளிச்சு வச்சியா?"

"எங்க வீட்ல விருந்தாளிய சும்மா அனுப்புற வழக்கமில்ல. எங்கம்மாவா இருந்தா ரெண்டையும் ஒளிச்சிருப்பாங்க. நான் பரவாயில்ல."

கத்துவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மூளையில் மணி அடித்துவிட்டது.

மறுநாள் செயலியில் ரத்து பொத்தான் காணாமல் போனது. தவளை விற்கும் பக்கத்தின் அடிவயிற்றில், சாம்பல்மேல் சாம்பல் நிறத்தில் பதுங்கியது. யாராவது கண்டுபிடித்துத் தொட்டால் முகமுள்ள ஒரு மேகம் வந்து, 'நாங்கள் ஏதும் குறை வைத்தோமா?' என்று கேட்டது. அப்புறம் காரணம் கேட்டது: மழை பிடிக்கவில்லையா, தூக்கம் அதிகமாகிவிட்டதா, வேறு மழை கிடைத்துவிட்டதா? அதற்கும் மசியாவிட்டால் பாதி விலைக்கு வந்தது. பிறகு, ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமே என்றது. முடிவில் இரண்டு பொத்தான்கள். கடல்போல் பெரிதாய், நீலமாய் ஒன்று: 'இருக்கிறேன்'. எறும்பு அளவில் இன்னொன்று: 'ஈரமில்லாத நெஞ்சோடு போகிறேன்'.

பரீட்சித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே? கட்டிலில் இருந்தார். மாத்திரை அட்டையைக்கூட உரக்கப் படித்துவிட்டுத்தான் விழுங்குகிறவர் அவர். ஒவ்வொரு திரையையும் உணர்ச்சியோடு வாசித்தார். மேகம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"பாவம் மாப்பிள்ளை, இது அழுவுது."

"அழட்டும் மாமா. அடுத்தத தொடுங்க."

வாரம் முழுக்க அவன் திருத்தினான், அவர் படித்தார். கடைசிப் பரீட்சையில் ரத்து செய்ய உள்ளே போனவர், மாப்பிள்ளையின் கார்டிலேயே ஒரு வருஷத்துக்குத் தவளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவன் கூத்தாடினான்.

அதன்பிறகு அந்த மழையை விட்டு யாரும் போகவில்லை. எரிச்சலில் ஒருவர் ஃபோனைக் கிணற்றில் போட்டார். கிணற்றுக்குள் மழை பெய்தது, சந்தாவும் போய்க்கொண்டிருந்தது. இன்னொருவர் செத்தே போனார். ரத்து செய்யப் போன மகன், மேகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தான். கிராஃபின் விரல் உயர்ந்து உயர்ந்து, அவர் நாற்காலிமேல் ஏறி நின்று கோடு இழுத்ததில் தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடுதான் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்.

பதவி உயர்ந்தும் படுக்கை தரையில்தான்.

"வேணும்னா நீங்களே சொல்லிப் பாருங்க, நான் குறுக்க வரல" என்றாள் மனைவி.

அவன் கட்டிலருகே போய் நின்றான். தொண்டையைச் செருமினான்.

"மாமா, ஊருக்கு எப்ப கிளம்பறதா உத்தேசம்?"

பெரியவர் பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. முகம் மட்டும் மெல்ல அந்த மேகம்போல் ஆனது.

"நான் ஏதும் குறை வச்சேனா மாப்பிள்ளை?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா."

"அப்ப காரணத்தச் சொல்லுங்க. என் இருமல் பிடிக்கலையா? நான் அதிகமாயிட்டேனா? இல்ல, வேற பெரியப்பா யாராவது கெடைச்சுட்டாரா?"

"கட்டில்தான் மாமா..."

"கட்டிலா? அது அந்த மூணுல இல்லியே!" பெரியவர் உண்மையிலேயே திகைத்தார். "சரி, பாதியா குறைச்சுக்கறேன். காலைல எனக்கு ஒண்ணும் வேணாம், ராத்திரி சாப்பாடு மட்டும் போதும்."

"அது இல்ல..."

"அப்ப ஒரு மாசம் நிறுத்தி வைங்க. நான் பாட்டுக்கு இங்கயே இருக்கேன், நீங்க கண்டுக்காதீங்க."

அவன் இந்த இடத்தில் 'போய்ட்டு வாங்க மாமா' என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது?

"மாமா, இங்க ஒரு தப்பு பண்றீங்க. பாதி விலையும் நிறுத்தி வைக்கறதும் அடுத்தடுத்து வந்தா ஆள் உஷாராயிடுவான். நடுவுல ஒரு பெருமூச்சு விடணும்."

பெரியவர் விட்டார்.

"இன்னும் கொஞ்சம் நீளமா."

விட்டார். ஜன்னல் திரை ஆடியது. "பிரமாதம்!" என்று அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கடைசியா கேக்கறேன். ஒண்ணு, 'இருங்க மாமா'." அதைக் கணீரென்று சொன்னார். "இன்னொண்ணு..." உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ரெண்டாவது என்ன மாமா? காதுலயே விழல."

"அது அப்படித்தான இருக்கணும்? நீங்கதான சொன்னீங்க?"

குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அவனே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"இருங்க மாமா" என்றான்.

"நல்ல முடிவு. இத குடும்பத் திட்டமா மாத்திக்கலாம். உங்க அத்தையும் ஊர்ல தனியா இருக்காளே, நாளைக்கே வந்துடுவா."

அவன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். அலுவலகத்தில் ஒரு சோபா இருந்தது. வாசலுக்கு வந்தான். அவனுடைய செருப்பில் ஒன்றுதான் இருந்தது.

பின்னால் காபி வாசனை வந்தது.

"என்னங்க, அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

உள்ளே தவளைகள் கத்த ஆரம்பித்தன.