முக்காடு போட்ட கணினி

எங்கள் அகாய்க்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று, தவறு செய்துவிட்டேன் என்று சொல்வது. இன்னொன்று, கணினி வாங்குவது. அகாய் என்றால் கசாக் மொழியில் ஆசிரியர். பேராசிரியர் ஒராஸ்பெக்கை அல்மாட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

நான் இருநூறு பேரின் மூளைப் படங்களை அளந்து முடிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் முடித்தால் ஜூனில் ஆய்வேட்டுத் தேர்வு. முடிக்காவிட்டால் அடுத்த வருடம்; அதற்குள் என் உதவித்தொகை நின்றுவிடும். ஒரு மூளையின் மடிப்புகளைப் பிரித்து அளக்க எங்கள் மென்பொருளுக்கு எட்டு மணி நேரம் ஆகும். அது கிராபிக்ஸ் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேண்டியது ரேம். ரேம் தாராளமாக இருந்தால் பன்னிரண்டு மூளைகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம். இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, கார்டு மலிவானதே போதும், ரேம் நூற்றிருபத்தெட்டு ஜிபி வேண்டும் என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அகாய் தானே கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கண்ணாடிப் பெட்டி கூட வந்தது. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. கல்யாண மண்டபம் தோற்றது.

"அகாய், ரேம் பதினாறுதானே இருக்கு?"

"ஆரம்பத்துக்கு அது போதும், மர்ஜான். நீ கார்டைப் பாரு. நம்ம வேலையே படம். படத்துக்கு முக்கியம் கார்டுதானே? நான் கேட்டதும் கடைக்காரன் எழுந்து நின்னுட்டான்."

எழுந்து நிற்காமல் என்ன செய்வான்? அந்தக் கார்டு அவன் கடையில் எத்தனை நாள் தூங்கியதோ.

ஓட்டிப் பார்த்தேன். ஒரே சமயத்தில் இரண்டு மூளைதான். மூன்றாவதைச் சேர்த்ததும் எல்லாமே நின்றுபோனது. கணக்குப் போட்டால் முப்பத்து மூன்று நாள் வந்தது. கழிவறைக்குப் போய் ஐந்து நிமிடம் அழுதேன். அகாயிடம் போய், "நீங்க வாங்கினது தப்பு" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்ன ஒரே மனிதர் இப்போது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அஸ்தானாவில் வேலை பார்க்கிறார்.

இதற்குள் அகாய் தன் மனைவியின் வெள்ளைப் பட்டுத் துணியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் புது மருமகள் மாதிரி முக்காடு போட்டிருந்தார். புது மருமகளோ குழந்தையோ காரோ, எங்கள் வழக்கப்படி முதல் தடவை பார்க்கிறவர் ஏதாவது பரிசு கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் கொரிம்திக். பக்கத்துக் கூடத்துத் தலைவி குல்பானு அபாய், அதாவது குல்பானு அக்கா, போன வருடம் நுண்ணோக்கி வாங்கியபோது எங்களிடம் இரண்டு பெட்டி சாக்லேட் கறந்தார். அகாய் அதை மறக்கவில்லை.

மறுநாள் தேநீர் வேளையில் குல்பானு அபாய் வந்தார். சாக்லேட் பெட்டியைக் கொடுத்துத் துணியை விலக்கினார்.

"பொண்ணு அழகாத்தான் இருக்கா. எத்தனை மூளை பார்ப்பா ஒரு நேரத்துல?"

அகாய் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை. "ரெண்டு, அபாய்."

"ரெண்டா?" அபாய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு நகை போட்டுக்கிட்டு வந்தவளுக்கு ரெண்டு பேருக்குத்தான் சமைக்கத் தெரியுமா, ஒராஸ்பெக்?"

அகாயின் காது சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் காதைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. அவர் சட்டைப்பையில் என் தாள் மடித்தபடியே எட்டிப் பார்த்தது.

"இன்னும் ரேம் வரல, அபாய்," என்றேன். "பெட்டியை முதல்ல பார்த்தது அகாய்தானே. அவரோட கொரிம்திக் பாக்கி இருக்கு. அதைத்தான் ரேமா தரப்போறார்."

அபாய் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா, ஒராஸ்பெக்?"

அகாய் ஒரு கணம் என்னையே பார்த்தார். "பின்னே?" என்றார். "முதல்ல பார்த்தவன் சும்மாவா பார்ப்பான்?"

மறுநாள் காலை நான் வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. அகாய் சட்டைக் கையை மடித்துவிட்டு நான்காவது ரேமை அழுத்திக்கொண்டிருந்தார். மேசையில் என் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய கார்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று இருந்தது.

"அந்தக் கார்டு எங்கே, அகாய்?"

"கடைக்காரன் திருப்பிக் கேட்டான். பாவம், அவனுக்கு அவசரமாம்."

பன்னிரண்டு மூளைகளையும் ஓடவிட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. ஆறு நாளில் முடிந்துவிடும். அகாய் என் பின்னாலேயே நின்று, வரிகள் ஓடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தேர்ந்தெடுத்த பெட்டி எப்படி?"

"கண்ணு பட்டுடும், அகாய்," என்று சொல்லிவிட்டு, காற்றுக்கு வழிவிட்டுத் துணியை மறுபடி போர்த்தினேன்.