நூற்றிருபது கெஜச் சலுகை

13 நவம்பர் 1927, ஞாயிறு

நேற்றுக் காலைக் குறிப்பில் ஒரு பிழை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ரூபர்ட் டோல்ஹர்ஸ்ட் கிளம்பும் இடத்துக்கான முளையை நூறு கெஜத்தில் அடிக்கப்போவதாக எழுதியிருக்கிறேன். நூற்றிருபது என்று இருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் பந்தயத் திடலில் முளையடிப்பவன் நான். நானே தப்பாக எழுதினால் மற்றதை யார் நம்புவார்கள்? எழுதியதை அழிக்கக் கூடாது, மறுநாள் திருத்த வேண்டும் என்பது மாலை வகுப்பில் மிஸ் அட்கின்ஸ் வைத்திருக்கும் விதி. திருத்திவிட்டேன்.

டோல்ஹர்ஸ்ட் எங்கள் ஊரின் வீரர். வளைவில் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, இடது பூட்ஸின் இரும்புத் தகடு தரையில் உரசப் போகும் வித்தையை இங்கே முதலில் காட்டியவர். காட்டினார் என்பதே தவறு. நான்கு வருடம் முன்பு விவசாயக் கண்காட்சியில் பரிசு வாங்கிய வாத்து ஒன்று கூண்டிலிருந்து தப்பித் தடத்துக்குள் வந்தது. அவர் பயந்து திருப்பினார், பின்சக்கரம் வழுக்கியது, விழாமல் தப்பித்தார். மாலைக்குள் கதையிலிருந்து வாத்து காணாமல் போயிற்று. கண்டுபிடிப்பு மட்டும் மிஞ்சியது.

அதன்பின் அவர் உழைத்துக் கற்றது ஒன்றுதான்: மெதுவாகப் போவது. எங்கள் பந்தயத்தில் கெட்டிக்காரன் பின்கோட்டிலிருந்து கிளம்புவான். மற்றவர்களுக்கு அவரவர் திறமைக் குறைவுக்கு ஏற்ப இத்தனை கெஜம் முன்னால் இடம்; அதுதான் சலுகை. யாருக்கு எவ்வளவு என்பதைத் தகுதிச் சுற்றுகளைப் பார்த்து பந்தய அதிகாரி பாசெட் முடிவு செய்வார். டோல்ஹர்ஸ்ட் தகுதிச் சுற்றில் நேர்ப்பாதை வந்ததும் வேகத்தைக் குறைப்பார். குனிந்து எஞ்சினைப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்ட தகப்பன் மாதிரி தலையை ஆட்டுவார். பாசெட் இன்னும் இருபது கெஜம் கொடுப்பார். இறுதிச் சுற்றில் அதே எஞ்சின் குணமாகிவிடும், கோப்பை அவருக்கு. ஊருக்கே தெரியும். ஊரே கைதட்டியது. கைதட்டியவர்கள் மீதும் எனக்கு மரியாதை இல்லை.

நேற்று லண்டனிலிருந்து கிரவுதர் வந்திருந்தார். அங்கே புதிதாகத் திறக்கும் தடங்களுக்கு ஆறு ஓட்டுநர்களைத் தேர்ந்து ஜனவரிக் கப்பலில் கூட்டிப்போகிறார். தான் அதில் ஒருவர் என்பதில் டோல்ஹர்ஸ்டுக்குச் சந்தேகமே இல்லை. வழியனுப்பு விருந்துகூட முடிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியில் "ஆர். டோல்ஹர்ஸ்ட், லண்டன்" என்று மஞ்சளில் எழுதியவன் நான்; பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் வரும்.

பந்தயத்துக்கு முன் கிரவுதர் சாதாரணமாகச் சொன்னார்: லண்டனில் சலுகை கிடையாது, எல்லாரும் ஒரே கோட்டிலிருந்துதான் கிளம்புவார்கள், ஆகவே இங்கே பின்கோட்டில் நிற்பவர்களை மட்டும் பார்த்தால் போதும்.

டோல்ஹர்ஸ்ட் பாசெட்டிடம் ஓடினார். நான் சுத்தியலோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அண்ணே, என்னைப் பின்னாடி போடுங்க. இன்னிக்கு மட்டும்."

"உன் எஞ்சினுக்குத்தான் சீசன் பூரா இருமலாச்சேப்பா. நோயாளியைப் பின்னாடி நிறுத்தினா பாவம் எனக்கில்ல வரும்."

"அது... சும்மாண்ணே."

"சும்மான்னா? கமிட்டிகிட்ட சொல்றியா? வேணும்னே மெதுவா ஓட்டினவனுக்கு ரெண்டு வருஷம் தடை. சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

பாசெட்டும் இத்தனை நாள் ஏமாறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டம் வருகிறதே என்று சும்மா இருந்திருக்கிறார்.

டோல்ஹர்ஸ்ட் என் பக்கம் திரும்பினார். "டேய் லெஸ், முளையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி அடிடா."

"அடிச்சாச்சுண்ணே," என்றேன். நூற்றிருபதுதான். இரண்டு முறை அளந்திருந்தேன்.

கொடி இறங்கியது. எல்லாரும் பாய்ந்தார்கள், டோல்ஹர்ஸ்ட் தன் முளையருகே அசையாமல் நின்றார். பின்கோட்டு ஆட்கள் தன்னை எட்டும்வரை காத்திருந்து, பிறகு அவர்களை முந்திக் காட்டுவது அவர் திட்டம். திட்டத்தில் ஒன்று விடுபட்டுவிட்டது: அவர்கள் முழு வேகத்தில் வருவார்கள், இவர் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பவும் முடியவில்லை. வெறுமனே உறுமிக்கொண்டிருந்ததில் எஞ்சினுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய் பிளக்கில் ஏறிவிட்டது. எஞ்சின் இருமியது. நிஜமாகவே.

குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

திடல் முழுவதும் சிரித்தது. பழகிய கூத்தை இன்று சீக்கிரமே தொடங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கையை விரித்துக் காட்டக் காட்டச் சத்தம் கூடியது. பின்கோட்டு ஆட்கள் தடத்தில் பரப்பிய கரித்தூளை அவர் முகத்தில் வாரியடித்துவிட்டுப் போனார்கள்.

கிரவுதர் இறைச்சிப் பணியாரத்தைக் கடித்தபடி பாசெட்டிடம் கேட்டார்: "யாருங்க அந்தக் கோமாளி? நல்லாப் பண்றானே."

கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நியாயமா என்று இன்று காலை தேவாலயத்தில் யோசித்துப் பார்த்தேன். அப்போதும் சந்தோஷமாகவே இருந்தது.

இன்று மதியம் வீட்டில் சந்தித்தபோது, லண்டன் பயணத்தைத் தானே மறுத்துவிட்டதாக டோல்ஹர்ஸ்ட் சொன்னார். லண்டன் தடமெல்லாம் சின்னதாம். தன் வேகத்துக்குப் போதாதாம். அவர் மனைவி ஐவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"பேரு இருக்கட்டும் லெஸ். ஊரை மட்டும் எடுத்துரு."

நாளை: கடை மூடியதும் சுரண்டியும் கறுப்பு பெயிண்டும் எடுத்துக்கொண்டு டோல்ஹர்ஸ்ட் வீட்டுக்குப் போய், பெட்டியிலிருந்து "லண்டன்" என்பதை எடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னுள்ள காற்புள்ளியையும்.