வெளியே உட்கார்ந்திருந்தவள்

"இது யாரோடது?"

மாமியாரின் கையில் அரை பாட்டில் சாராயம் இருந்தது. தரை துடைக்கத் துணி தேடி, மருமகளின் தையல் மிஷினுக்குப் பின்னால் கிடந்த வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்தபோது அகப்பட்டது. கேட்டது மருமகளை அல்ல, மகனை. வேறு யாரைக் கேட்பாள்? அந்த வீட்டில் பதினோரு வருஷம் குடித்துக் கூத்தடித்தவன் அவன்தான். விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன், கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். பாதி தைத்த பள்ளிச் சீருடையைப் பிடித்தபடி அவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடதுதாம்மா," என்றான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாழாப்போனவனே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும். ஆம்பளை, ஏதோ மனக்கஷ்டம், தவறிட்ட. நான்கூட ஒரு நிமிஷம் வேற மாதிரி நெனச்சுட்டேன். அப்படி மட்டும் இருந்திருந்தா நாலு பேர் முன்னாடி தலை காட்ட முடியுமா?" என்றாள்.

பெற்ற மகன் மறுபடி குடிகாரனானதில் அப்படியொரு நிம்மதி! இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"ஞாயித்துக்கிழமை அந்தக் கூட்டத்துக்கு இவன் ஒழுங்கா போறானான்னு நீயும் கூடப் போய்ப் பாரும்மா," என்று மருமகளிடம் பொறுப்பையும் ஒப்படைத்தாள்.

நூலகத்தின் பின்னறையில், குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் கூட்டம் அது. அதைக் கண்டுபிடித்தவளே மருமகள்தான். மருந்துக்கடையில் விசாரித்து, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்று, கடைசியில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் இடம் தெரிந்தது. புருஷனை இழுத்துக்கொண்டு போய் உள்ளே அனுப்பிவிட்டு, வாசல் பெஞ்சில் காத்திருப்பாள். உள்ளே அவன், "என் மனைவி தெய்வம்" என்று பேசிக் கைதட்டு வாங்குவான்.

அந்தத் தெய்வம் அதற்கு முன்பே குடிக்கத் தொடங்கியிருந்தது. அவன் குடிப்பதைக் குறைக்க, பாட்டிலில் பாதியைத் தெரியாமல் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் அழுது ஓய்ந்த அலுப்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தூக்கம் வந்தது. அவன் விட்டுவிட்டான், அவளால் விட முடியவில்லை.

அவனுக்கு இது ஆறு மாதமாகத் தெரியும். குடித்துப் பழகியவனுக்கா அந்த வாசனை தெரியாது? சட்டைப் பைகள் கோணலாகத் தைத்திருக்கின்றன என்று துணிகள் திரும்பி வந்தபோது, "கண்ணு மங்குது போல" என்று சொல்லி மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி! குடியை விட்டவன் என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது. குடிகாரியின் புருஷன் என்று பேரெடுக்க அவனுக்கு மனமில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குற்ற உணர்வு அவனை அரித்துத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து போகையில் அவள் கேட்டாள். "எதுக்குங்க உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"உன் மானத்தக் காப்பாத்தத்தான்."

"என் மானமா, உங்க மானமா?"

அவன் நடையை எட்டிப் போட்டான். "வீட்டுலயே மெதுவா விட்டுடலாம். நான் கூட இருக்கேன்."

"நீங்க வீட்டுலயா விட்டீங்க? நானா நிறுத்திப் பாத்துட்டேங்க, நாலு தடவை. முடியல. எனக்கும் ஒரு இடம் வேணும்."

"அது ஆம்பளைங்க வர்ற இடம்மா," என்று முனகிவிட்டு, அவளை வழக்கம்போல் பெஞ்சில் உட்காரவைத்து உள்ளே போனான்.

கூட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; அவரும் ஒரு காலத்தில் குடித்தவர். "அம்மா போன்ல சொன்னாங்க தம்பி. பரவாயில்ல, தவறுறது சகஜம்தான்," என்றார். பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பரிவைத் தாங்க முடியாமல் அவன் கூசிப்போனான். ஆனாலும், "ஆமா சார்..." என்றுதான் வாய் தொடங்கியது.

கதவு திறந்தது.

"அவரு குடிக்கல. ரெண்டு வருஷமா ஒரு சொட்டு தொடல," என்றாள் அவள். "குடிக்கிறது நான்."

தெருவில் விழுந்து கிடந்தவர்கள், பெண்டாட்டியை அடித்தவர்கள், வேலையைத் தொலைத்தவர்கள் எல்லாம் அந்த அறையில் இருந்தார்கள். அத்தனை பேரும் காணக்கூடாததைக் கண்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாத்தியார் நல்லவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"வீட்டுக்காரர் சம்மதத்தோடதான் வந்திருக்கீங்களாம்மா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். "ஆறு மாசமா எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். அவள இங்க கூட்டிட்டு வரவேண்டியவன் நான்." அழுதுவிட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"சார், இவர இங்க கூட்டிட்டு வந்த அன்னைக்கு நீங்க என் சம்மதத்தக் கேக்கல," என்றாள். "இப்ப எனக்கு இடம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

நாலைந்து நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. வாத்தியார் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் காலையிலகூடக் குடிச்சேன்," என்று தொடங்கினாள்.