நாலு மாத்திரையும் ஒரே மடக்கில்

கல்யாண வரவேற்புகளில் ட்ரம்பெட் வாசித்துப் பிழைக்கும் அவர், ஒருநாள் ஒத்திகையின் நடுவில் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்தபோது ஊதுவாயில் ரத்தம் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊதினார். மறுபடியும் ரத்தம். கண்ணாடியில் பார்த்தால் ஈறு பஞ்சுபோல வீங்கியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மனைவி, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்ப் பல மாதங்களாகிவிட்டன. பேத்தி தவழவே ஆரம்பித்துவிட்டாள். பாட்டி திரும்புகிற வழியைக் காணோம். தினமும் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பார். பொய்யில்லை. காலையில் ரொட்டியும் டீயும், மதியம் ரொட்டியும் முட்டையும், ராத்திரி டீயில் நனைத்த ரொட்டி. காய்கறிக் கடைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

தனக்கு வந்திருப்பது பொல்லாத வியாதி என்று அவராகவே முடிவு கட்டினார். புலம்புகிற ஆள் இல்லை. ஆகவேண்டியதை ஒழுங்குபண்ண ஆரம்பித்தார். மேடையில் போட்டுக்கொள்ளும் ஒரே நல்ல கோட்டைத் தன் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரிடம் கொடுத்தார். அடுத்து, பல வருஷமாக முகம்கொடுத்துப் பேசாத மச்சானைப் பார்க்கப் போனார்.

மச்சான் என்பவர் இவர் மனைவியின் அண்ணன். பக்கத்துத் தெருவில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். இவருடைய வாசிப்பை லாரி ஹாரன் என்று எப்போதோ நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"மச்சான், எனக்கு ஏதாவது ஆயிட்டா உங்க தங்கச்சிய நீங்கதான் பாத்துக்கணும்."

மச்சான் மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். பேசும்போதே இவர் பல்லிடுக்கில் ரத்தம் கசிவது தெரிந்தது. "வாயைத் தொறங்க மாப்பிள்ளை" என்றார். பூச்சி அரித்த பலகையைப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் இருந்தார்கள்.

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது: உடம்பில் வைட்டமின் சி சுத்தமாக வற்றிப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் ஈறையும் ரத்தக் குழாய்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் நார்த்திசு பலமிழந்துவிடுமாம். காலையிலும் இரவிலும் சாப்பிட்டபிறகு ஒவ்வொரு மாத்திரை, கூடவே பழமும் காய்கறியும். அவ்வளவுதான் வைத்தியம்.

உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். அன்று சாயங்காலம் பெரிய இடத்து வரவேற்பு. ஒரு மாத்திரை மெதுவாகக் குணப்படுத்துமென்றால் நாலு மாத்திரை பொழுது சாய்வதற்குள் குணப்படுத்தாதா? வெறும் வயிற்றில் நாலையும் ஒரே மடக்கில் விழுங்கினார்.

மேடையில் அவர் தனியாக வாசிக்கவேண்டிய இடம் வந்தது. வயிற்றுக்குள்ளே வேறு கச்சேரி தொடங்கியது. உச்ச சுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ட்ரம்பெட்டும் கையுமாக மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து மண்டபமே கைதட்டியது.

மறுநாள் மச்சான் அவரை மறுபடியும் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தார்.

"குடல் ஒரு நேரத்துல கொஞ்சம்தான் உள்ள இழுத்துக்கும். நீங்க அள்ளிக் கொட்டினா மிச்சம் வயித்தக் கலக்கிட்டு வெளியதான் போகும்" என்றார் டாக்டரம்மா. "பிரிச்சுப் பிரிச்சு சாப்பிடுங்க. உங்க அவசரம் அதுக்குத் தெரியாது."

அதோடு மாத்திரை டப்பா மச்சான் வசமானது. இரண்டு வேளையும் பட்டறைக்கு வந்து சாப்பிட்டால்தான் மாத்திரை. கொய்யாவையும் குடமிளகாயையும் மச்சான் அளவெடுத்ததுபோல நறுக்கி வைப்பார். முதலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மென்றார்கள். பிறகு அரசியலில் ஆரம்பித்து ஊர் வம்புவரை வந்தார்கள். ஈறு இறுகியது, கால் நீலம் மஞ்சளாகி மறைந்தது.

ஒருநாள் காலையில் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். வீடு பூட்டியிருந்தது. அண்ணனிடம் கேட்கலாமென்று பட்டறைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுற்றிலும் ஆரஞ்சுத் தோல் கிடக்க, எலியும் பூனையுமாக இருந்த இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததையெல்லாம் கேட்டுமுடித்ததும் அவள் முதலில் திட்டியது அண்ணனைத்தான், தனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. மச்சான் நகர்ந்து உட்கார்ந்து, பலகையில் அவளுக்கு இடம் விட்டார்.